மணி நிற்கும் இடம்

மணிச் சத்தம் நெற்றிக்கு நேராக இருக்கிற வரைக்கும் பயப்பட ஒன்றுமில்லை என்று மாரிக்கனி தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன மறுகணமே, அப்படியென்றால் பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று மனசே குறுக்குக் கேள்வி போட்டது. சட்டம் படிக்கப் போகிறவள் மனசு சும்மா கிடக்குமா. வலது கை, இடது கை, மூச்சு, மணி. இந்த வரிசை கெடக் கூடாது. வாய்க்குள் போன உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டுக் காதைத் தண்ணீருக்கு மேலே தூக்கினாள். ணிங், ணிங், ணிங். இருக்கிறது. நீச்சல் சொல்லித்தருகிற ரெக்ஸி அக்கா குல்பி வண்டிக்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கின மணி அது, முதல் நாள் அடித்தபோது ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் குல்பி என்று ஓடிவந்து ஏமாந்து போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே இந்த ஊர்க் கடலில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பார்வையில்லாத பிள்ளைகள் சிலர் நீந்துகிறார்கள். போட்டி, பதக்கம் என்று எதுவும் கிடையாது, சும்மா ஆசைக்கு. கரையில் ஒரு சவுக்குக் கம்பு நட்டிருக்கும், கம்பின் அடியில் ஒருவர் நின்று மணியடிப்பார், கடலுக்குள் கொஞ்சம் தூரத்தில் நங்கூரம் போட்ட மிதவை ஒன்று கிடக்கும், வள்ளத்தில் ரெக்ஸி அக்கா கூடவே வருவாள். மிதவையைத் தொட்டுவிட்டு மணியைப் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். கழுத்தில் ஆளுக்கொரு விசில். ஒரு தடவை ஊதினால் மணி கேட்கிறது என்று பொருள், விடாமல் ஊதினால் வந்து தூக்கு என்று பொருள். இன்றைக்கு அவள் விடாமல் ஊதக் கூடாது. ஊதினால் மதுரை போச்சு. துணையில்லாமல் போய்த் துணையில்லாமல் கரையேறு, அப்புறம் சட்டக் கல்லூரிக்கு நீ தனியாகப் போவதைப் பற்றிப் பேசலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். வழக்கமாக மணியடிக்கிறவருக்குக் காய்ச்சல் என்றதும், நான் அடிக்கிறேன், எனக்கென்ன கை இல்லையா என்று முந்திக்கொண்டவளும் அதே அம்மாதான்.

அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று யோசித்தபடி வலது கையை வீசினாள். அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்வது லேசுப்பட்ட காரியமா. அம்மா தங்கபுஷ்பம், தையல் மிஷினை மிதித்துக்கொண்டே வீட்டுக்குள் மகள் எங்கே நிற்கிறாள் என்று கணக்கு வைத்திருப்பவள், அடுப்படியில் ஒரு டம்ளர் உருண்டால் மிஷின் நின்றுவிடும். தெருவில் எப்போதும் மகளுக்கு ஒரு எட்டு முன்னால் அவள் செருப்பு சரக் சரக்கென்று போகும், இங்கன வா, இந்தா மேடு, இந்தா சாக்கடை, இங்கன வா. அந்தச் செருப்புச் சத்தம் இல்லாத தெரு எப்படியிருக்கும் என்று பார்க்கத்தான் மதுரை. அப்படி அம்மாவிடம் சொல்ல முடியாது, சட்டம் படிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லலாம், அதுவும் உண்மைதான். பொய் பாதி உண்மை பாதி என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு விசில் கேட்டது, ஒற்றை விசில், இவளோடு நீந்துகிற தாவீது. மணி கேட்கிறதாம் துரைக்கு. அவனுக்கு எதற்கெடுத்தாலும் ஊத வேண்டும், இல்லாவிட்டால் பாட வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மிதவையருகே, கூட வந்த ஷைனியின் மேல் சொறி மீன் பட்டு, எரிச்சல் தாங்காமல் அவள் கூச்சல் போட்டாள். ஷைனியை வள்ளத்தில் தூக்கிப் போட்டுக்கொண்டு ரெக்ஸி அக்கா, மணி கேக்குதுல்லா, ரெண்டு பேரும் அதைப் பிடிச்சே போங்க, நான் இவளை இறக்கிட்டு வாரேன் என்று கத்தினாள். இஞ்சின் சத்தம் தெற்கே போய்ச் சின்னதாகி இல்லாமலும் ஆகிவிட்டது. இந்தக் கரையில் அலை உடைவதால் வள்ளத்தை ஏற்ற முடியாது, ஊர்த்துறைக்குத்தான் போக வேண்டும். ஊர்த்துறையில் ஒரு குஞ்சு குருவி இருக்காது, ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கோயிலில் பூசைக்கு இருப்பார்கள். ஆக, கடலில் இரண்டு பேர், கரையில் அம்மா. அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. இதை ஏன் இப்போது நினைக்க வேண்டும். வலது கை, இடது கை, மூச்சு.

பிடரியில் வெயில் இருந்தது, அது சரி, காலையில் கரையைப் பார்த்து நீந்தினால் வெயில் பிடரியில்தான் இருக்க வேண்டும். அலை பாதத்தில் தொடங்கி முதுகு வழியாகத் தூக்கி முன்னால் இறக்கிவிட வேண்டும், அதுவும் சரியாகவே இருந்தது, எதுவரைக்கும் சரியாக இருந்தது என்றுதான் தெரியவில்லை. ஏனென்றால் திடீரென்று பிடரி குளிர்ந்தது. மேகம். சட்டையைக் கழற்றினாற்போல வெயில் முதுகிலிருந்து போய்விட்டது, தண்ணீரும் வேறு தண்ணீராகிவிட்டது, இன்னும் கொஞ்சம் கனமாக, இன்னும் கொஞ்சம் பழசாக. பரவாயில்லை, மணி இருக்கிறது. மணி எங்கே. இருந்தது, நெற்றிக்கு நேரே இல்லை, கொஞ்சம் வலப்பக்கம். நான்தான் கோணலாகப் போகிறேன் என்று தலையை வலப்பக்கம் திருப்பி நேராக்கிக்கொண்டாள். நாலு வீச்சுப் போட்டுக் காதைத் தூக்கினால் மறுபடியும் வலப்பக்கம். மறுபடியும் திருப்பினாள். நீரோட்டம் இழுக்கிறதோ. வடக்கே இழுக்கும் என்று ரெக்ஸி அக்கா எச்சரித்திருக்கிறாள், வடக்கே தூண்டில் வளைவு இருக்கிறது, கடல் ஊருக்குள் வராமலிருக்கக் கரையிலிருந்து கடலுக்குள் பாறாங்கல்லாகக் கொட்டி நீட்டியிருக்கிறார்கள், கல்லெல்லாம் சிப்பி ஒட்டிக் கத்தி மாதிரி இருக்குமாம். போன பங்குனியில் கல்லூரிப் பையன் ஒருவன் அந்தக் கல்லிடுக்கில் சிக்கி, மூன்றாம் நாள் எடுத்தார்களாம். இதை அம்மா சோறு பிசைந்துகொண்டே சொன்னாள், அவன் கால் எப்படியிருந்தது என்பது வரைக்கும் சொன்னாள். கடல் வேண்டாம் என்று நேராகச் சொல்ல மாட்டாள், ஒரு கதையைச் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா என்பாள். அந்தப் பையன் கண்ணுள்ள பையன். கண்ணிருந்தும் அவன் கல்லுக்குள் போனான், கண்ணில்லாத நான் போக மாட்டேன் என்று அன்றைக்கு வாயடி அடித்தது இப்போது அவளுக்கே திரும்பக் கேட்டது.

மணி கிட்டத்தில் கேட்டது. முதலில் அது சந்தோஷமாகத்தான் இருந்தது, கரை வந்துவிட்டது, மதுரை வந்துவிட்டது, விடுதி அறையின் சன்னல் பக்கம் யார் படுப்பது என்று சண்டை போடக்கூட நேரம் வந்துவிட்டது என்று உடம்பு துள்ளியது. அப்புறம் சந்தோஷத்துக்குள் ஒரு முள் குத்தியது. இவ்வளவு சீக்கிரமாகவா. நான் இவ்வளவு வேகமாக நீந்தவில்லையே. காலை உதைப்பதை நிறுத்தி மிதந்தாள். மிதக்கும்போதுதான் தெரிந்தது, அலை பாதத்திலிருந்து தூக்கவில்லை. வலது விலாவில் வந்து இடித்தது. ஒன்று இடித்தது, அடுத்தது இடித்தது, அதற்கடுத்ததும் அதே விலாவில். கரையைப் பார்த்திருந்தால் அலை பின்னாலிருந்து வர வேண்டும். வலப்பக்கமிருந்து வந்தால் நான் கரையைப் பார்க்கவில்லை, கரை என் இடப்பக்கம் இருக்கிறது, நான் வடக்கே போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் மணி முன்னால் இருக்கிறதே. மணி கரையில்தானே இருக்கும், கம்புக்கு அடியில்தானே இருக்கும், மணி முன்னால் என்றால் கரை முன்னால்தானே. அலை பொய் சொல்லுமா, மணி பொய் சொல்லுமா. மணியை அடிப்பவளுக்குக் கண் இருக்கிறது. அலைக்கு என்ன இருக்கிறது. உனக்கு என்ன இருக்கிறது. பத்தொன்பது வயசுக்குள் இந்தக் கேள்வி எத்தனை பேர் வாயிலிருந்து வந்திருக்கும், அவங்களுக்குத் தெரியும்மா, நீ சொன்னபடி கேளு, அவங்க பாத்துட்டுத்தானே சொல்லுதாங்க. பேருந்தில் ஏற்றிவிட்டவர்கள், தப்பான பேருந்தில் ஏற்றிவிட்டவர்கள், சாலையைக் கடக்க நினைக்காதவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடத்திவிட்டுப் புண்ணியத்தோடு போனவர்கள், எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் செய்தார்கள். இருந்தாலும் அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். கேட்டுக் கேட்டுப் பழகின உடம்பு இப்போதும் மணியைப் பார்த்து ஒரு வீச்சுப் போட்டது, இன்னொன்று போட்டது. அப்போது மணிக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது.

மணலில் அலை உடைந்தால் சர்ரென்று நீளமாக இழுபடும். இது அப்படி இல்லை. களக், களக். தண்ணீர் எதற்குள்ளோ நுழைந்து, அங்கே இடமில்லாமல் முட்டி, பெருமூச்சு விட்டுக்கொண்டு வெளியே வருகிற சத்தம். கல். மணி கல்லிலிருந்து அடிக்கிறது. ணிங், ணிங், களக், ணிங். இங்கன வா, கனி, இங்கன வா என்று காற்றில் அம்மா குரலும் பிய்ந்து பிய்ந்து வந்தது, அம்மாவேதான், வேறு யாருமில்லை. அம்மா ஏன் கல்லில் நிற்கிறாள். கனிக்குப் பயம் கண்டபடி வேலை செய்தது, அது அம்மாவே இல்லை என்று ஒரு கணம் நினைத்தாள், கல்லிடுக்கில் சிக்கின பையன் மணியடிக்கிறான் என்று நினைத்தாள், நினைத்துவிட்டு வெட்கப்பட்டாள், வெட்கம் பயத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். ஊதிவிடலாம். ஊதினால் யார் வருவார்கள், ரெக்ஸி அக்கா காதுக்கு எட்டாது, எட்டுகிற காது ஒன்றுதான், அது கல்லின் மேல் நிற்கிறது, நீச்சல் தெரியாது, ஆனாலும் குதிக்கும். நிச்சயம் குதிக்கும். விசிலைப் பல்லில் கடித்தபடியே மிதந்தாள். அப்போதுதான் அந்தக் கைதட்டல் ஞாபகம் வந்தது, ஞாபகம் என்று சொல்ல முடியாது, அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி இவளுடைய ஞாபகம் போலவே ஆகிவிட்டது. எம் பிள்ளையைக் கையத் தட்டித் தட்டியே தெருக்கோடி வரைக்கும் நடக்க வெச்சேம்லா என்று பெருமையாகச் சொல்வாள். தட்டுகிற கையை நோக்கிக் குழந்தை எட்டு வைக்கும், எட்டப்போகிற நேரத்தில் அம்மா ஓரடி பின்னால் போய்த் தட்டுவாள், குழந்தை இன்னொரு எட்டு வைக்கும், அம்மா இன்னும் ஓரடி. ஊரிலுள்ள எல்லா அம்மாவும் அப்படித்தான் நடக்கப் பழக்குகிறார்கள். கண்ணுள்ள குழந்தை அம்மா நகர்வதைப் பார்த்து விளையாட்டு என்று சிரிக்கும். இவளுக்கோ, சத்தம் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தால் அங்கே யாரும் இல்லை. தெருக்கோடியில் நீ கேவிக் கேவி அழுத, நான் சந்தோசத்துல அழுதேன் என்று அம்மா சொல்வாள். அம்மாவுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. கம்பில் மணி இல்லை. மணி என்கூடவே நடந்து வந்திருக்கிறது, எனக்கு முன்னாலேயே போய்க் கல்லில் ஏறிவிட்டது.

தெரிந்துவிட்டது, ஆனால் தெரிந்தால் மட்டும் போதவில்லை, திரும்ப வேண்டும். அம்மா கூப்பிடுகிற திசைக்கு முதுகைக் காட்டுவது என்றால் என்னவென்று உடம்புக்குத் தெரியவே தெரியாது, இதுவரைக்கும் செய்ததில்லை. ஒருவேளை தப்பாக இருந்தால். அலை ஏதோ காரணத்தால் பக்கவாட்டில் வருகிறது என்றால், களக் சத்தம் கவிழ்ந்து கிடக்கிற வள்ளத்தில் இருந்து வருகிறது என்றால், இடப்பக்கம் கரையே இல்லை, திறந்த கடல்தான், நீந்திக்கொண்டே போய்விடுவேன் என்றால். அப்படி முடிந்தால் ஊரில் என்ன சொல்வார்கள் என்றும் தெரிந்தது, மணியடிச்சுக் கூப்பிட்டும் வரலியாம், அம்புட்டுத் திமிரு. விசிலைத் துப்பினாள், அது கழுத்தில் வந்து விழுந்தது. அலை பாதத்துக்கு வருகிற வரைக்கும் இடப்பக்கம் திரும்பினாள். வந்தது. பாதம், கெண்டைக்கால், முதுகு, தூக்கி முன்னால் இறக்கியது. வலது கை, இடது கை, மூச்சு. மணி வலது காதுக்குப் போயிற்று, அப்புறம் வலது காதுக்குப் பின்னால் போயிற்று. அம்மா பார்த்துவிட்டாள் போல, மணி பைத்தியம் பிடித்ததுபோல் அடித்தது, கனி, ஏளா கனி, இங்கன, இங்கன, அந்தக் குரலில் இருந்த பயம் இவள் நெஞ்சைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. இழுத்தால் இழுக்கட்டும். அழுதுகொண்டே நீந்தினாள், கடலில் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. பிறகு மணி நின்றது. அடித்துக்கொண்டிருந்தது பாதியில் நின்றது, ணிங் என்று தொடங்கி முடியவில்லை. குரலும் இல்லை. கல் வழுக்கும், அம்மா செருப்போடுதான் ஏறியிருப்பாள், அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. திரும்பு என்றது ஒரு மனசு, திரும்பி நீ அங்கே போய் என்ன செய்வாய் என்றது இன்னொன்று, கரைக்குப் போ, கரையிலிருந்து ஓடு. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் காதில் எந்தச் சத்தத்தையும் பிடித்துக்கொள்ளாமல் அவள் போனாள். எவ்வளவு நேரமோ. விரல் நுனி மணலில் உரசியது.

தவழ்ந்து ஏறினாள். தெற்கே நடந்தால் கம்பு இருக்க வேண்டும் என்று ஈரமணலின் ஓரமாகக் கையை நீட்டிக்கொண்டு நடந்தாள், கை கம்பில் பட்டது. சவுக்குக் கம்பு, சொரசொரப்பாக, வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் அடியில் யாரும் இல்லை. அம்மா என்று கத்தினாள். தூரத்தில் மணி தன்பாட்டுக்குக் குலுங்குகிற சத்தம் கேட்டது, ஓடிவருகிற ஆளின் கையில் குலுங்குகிற சத்தம். உயிரோடு இருக்கிறாள். கனி அப்படியே கம்பைக் கட்டிக்கொண்டாள், வந்துவிட்டேன், விசில் ஊதாமல் வந்துவிட்டேன், மதுரை எனக்குத்தான் என்று மனசு குதித்தது, அந்த நேரத்திலும் குதித்தது. தங்கபுஷ்பம் வந்து மகள்மேல் விழுந்தாள். தடவிப் பார்த்ததில் சேலை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது, கால் சிப்பியில் கிழிந்திருந்தது, ஒரு செருப்பைக் காணோம், விழுந்து எழுந்திருக்கிறாள். கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள், வைத்த கன்னத்திலேயே முத்தமும் கொடுத்தாள்.

“கல்லுப் பக்கமால்லா நீ ஒதுங்கிப் போன. அதான் நானும் கூடவே வந்தேன். கல்லு மேல ஏறி நின்னா உனக்குக் கிட்டக்கக் கேக்கும்னு நெனச்சேன். நீ என்னடான்னா அங்குட்டுத் திரும்பிப் போற, கூப்பிடக் கூப்பிடப் போற.”

“நீ அங்கன போனதாலதாம்மா நான் அங்கன வந்தேன்.”

அம்மா மகள் தலையை முந்தானையால் துவட்டத் தொடங்கினாள். இன்னும் மூச்சு வாங்கியது. அவளுக்குப் புரியத்தான் நேரம் பிடிக்கிறது என்று நினைத்து, இன்னும் எப்படிச் சொல்லலாம் என்று கனி வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது உள்ளங்கால் சில்லென்று ஆனது. வெகுநேரமாக அந்த ஒற்றை விசில் கேட்கவில்லை. கல், அலை, மதுரை, அம்மா என்று தன்னைச் சுற்றியே சுற்றிக்கொண்டிருந்ததில் அவனை அவளும் மறந்துவிட்டாள்.

“தாவீது எங்கம்மா?”

“எந்தத் தாவீது?”

“எனக்குப் பின்னால வந்தவன்.”

தங்கபுஷ்பத்தின் மூச்சு நின்று திரும்ப வந்தது. “நான் உன்னையத்தானளா பாத்துக்கிட்டிருந்தேன்” என்றாள், குரல் தேய்ந்துபோனது.

கனி மணியைப் பிடுங்கினாள். பிடி வழுவழுவென்று ஈரமாக இருந்தது, கடல் தண்ணீரா அம்மாவின் ரத்தமா தெரியவில்லை. இடது கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அடித்தாள், சீராக, அவசரமில்லாமல். கடலைப் பார்த்துச் சொல்லு என்றாள். அம்மா முதன்முறையாக வேறொருத்தியின் பிள்ளைக்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள், ஒன்றும் இல்லை என்றாள், அலைதான் தெரியுது என்றாள், அப்புறம் கனியின் தோளை இறுக்கிப் பிடித்தாள். கல்லுக்குக் கிட்டத்தில் கறுப்பாக ஒன்று தெரிகிறது என்றாள். அசையுதா என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் கனியின் கால் இரண்டும் தானாகக் கல்லைப் பார்த்துக் கிளம்பின. ஓட வேண்டும், கிட்டே போய் அடிக்க வேண்டும், கிட்டே போனால் நன்றாகக் கேட்கும், அவன் மணி இருந்த கடைசி இடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருப்பான், பாவம். அம்மாவின் கால் எப்படி நகர்ந்திருக்கும் என்று இப்போது அவளுக்கு விளங்கியது, விளங்கியது அவளுக்குப் பிடிக்கவில்லை. குதிகாலை மணலுக்குள் அழுத்திப் புதைத்துக்கொண்டாள்.

“வா, ஓடிப்போய்ப் பாப்போம்” என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

“நில்லும்மா. நகராத.”

தங்கபுஷ்பம் நின்றாள். மேகம் விலகவில்லை, வள்ளத்தின் சத்தமும் இன்னும் வரவில்லை. கனியின் தோள்பட்டை எரிந்தது, கை மாற்றினால் சத்தம் விட்டுப்போகும் என்று மாற்றவில்லை. ணிங், ணிங், ணிங். வெகுநேரம் கடல் மட்டும்தான் பதில் சொன்னது. அப்புறம் அலைகளுக்கு நடுவிலிருந்து மெல்லியதாக ஒரு விசில், ஒரே ஒரு தடவை. அம்மாவுக்கு அது கேட்கவில்லை, என்னளா, என்ன, ஏன் அழுத என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கனி கம்பை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்று அடித்துக்கொண்டிருந்தாள்.